வெயிலில் நிற்காத வேலை

எங்கள் அப்பாவுக்குப் பிள்ளைகளைப் பற்றி ஒரே ஆசைதான். டாக்டர், வக்கீல் என்றெல்லாம் அவர் சொன்னதில்லை. "வெயில்ல நிக்காத வேலையா பார்த்துக்குங்க, அது போதும்" என்பார். சிங்கப்பூரில், செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை. பிரிட்டிஷ் கடற்படைத் தளமாக இருந்த இடம் அது. 1971ல் அவர்கள் படையை விலக்கிக்கொண்டு போன காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், ஓய்வுபெறும்வரை கப்பல் அடிவயிற்றைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தார். டாக்கில் ஏற்றி நிறுத்திய கப்பலின் இரும்பு மத்தியான வெயிலில் எப்படிச் சுடும் என்று எங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது கழுத்துக்கு மேலே ஒரு நிறமும் கீழே வேறொரு நிறமும் இருக்கும். அது மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்த கப்பல் பட்டறை.

அந்த ஆசையை வைத்துக்கொண்டு நானும் தம்பியும் எங்கே போய்ச் சேர்ந்தோம் என்பதை எழுதவேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் மனிதவளத் துறையில் வேலை. வாரத்துக்கு நூறு விண்ணப்பங்களாவது கையில் வரும். சனிக்கிழமைகளில் சமூக மன்றத்தில் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் ஒரே வாரத்துக்குள் 15 வயதுப் பிள்ளை சொல்லும் கனவையும் கேட்கிறேன், 30 வயதுக்காரர் எழுதி அனுப்பும் வரலாற்றையும் படிக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று யோசிக்காமல் இருக்க முடிவதில்லை.

முதலில் என் கதை. ஒரு தீபாவளிக்கு வந்திருந்த பெரிய மாமா, என் அறிவியல் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "இவ டாக்டர்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் நான் டாக்டர். அம்மா கோயிலில் அப்படித்தான் அர்ச்சனை செய்தார். எங்கள் உறவில் ஒரு டாக்டர்கூடக் கிடையாது. பலதுறை மருந்தகம் என்ற அரசாங்க கிளினிக்கில் மூன்று நிமிடம் பார்த்து மருந்து எழுதித் தருபவரைத் தவிர வேறு டாக்டரை நாங்கள் கண்டதே இல்லை. 1994ல், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அப்போது நாட்டில் மருத்துவம் படிக்க ஒரே இடம்தான் இருந்தது. போதாததற்கு, சேர்க்கையில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்குமேல் போகக்கூடாது என்று 1979லேயே வரம்பு வைத்திருந்தார்கள். 2002 இறுதியில்தான் அதை நீக்கினார்கள். இதெல்லாம் ஊரறிந்த செய்தி, எங்கள் வீட்டுக்குள் மட்டும் வரவில்லை. என் மதிப்பெண் எப்படியும் எட்டியிருக்காது, அது வேறு. ஆனால் ஏழு ஆண்டுகள் ஒரு கனவை வைத்திருந்தேன். அது எந்த வாசல் வழியாகப் போகிறது, அந்த வாசல் எவ்வளவு அகலம் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்க ஆளும் இல்லை.

முடிவு வந்தபிறகு வேதியியல் படித்தேன். இரண்டு ஆண்டுகள் ஆய்வுக்கூட வேலை, அப்புறம் தற்செயலாக மனிதவளத் துறை. வேலை பிடித்திருக்கிறது. ஏர்கான் அறை. அப்பாவுக்குத் திருப்தி.

தம்பியின் கதைதான் நான் நிதானமாகச் சொல்லவேண்டியது.

அதே 1994ல் அவன் உயர்நிலைப்பள்ளியின் முதலாண்டான உயர்நிலை ஒன்றில் சேர்ந்தான். மதிப்பெண் குறைந்த பிள்ளைகளுக்கான வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவு அந்த ஆண்டுதான் புதிதாகத் தொடங்கியது. அதன் முதல் அணியில் அவன் ஒருவன். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த அன்று அம்மா அழுதார். அப்பா எதுவும் பேசாமல் கீழே போய் புளோக் அடியில் உட்கார்ந்துவிட்டார். நான் மேல்நிலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வீடே என் பரீட்சைக்காக மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு முழுவதும் வீட்டில் ஒருவர்கூட அவனிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றுவரை எனக்கு அது வலிக்கிறது.

அவனுக்கு விமானி ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சாங்கிக் கடற்கரைக்குப் போவோம். தலைக்குமேல் சக்கரத்தை இறக்கிக்கொண்டு விமானம் தாழ்ந்து வரும்போது நாங்கள் எல்லோரும் காதைப் பொத்துவோம். அவன் மட்டும் பொத்தமாட்டான். பள்ளியில் ஓர் ஆசிரியர் வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி, என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டிருக்கிறார். இவன் "பைலட்" என்றதும் வகுப்பு சிரித்திருக்கிறது. ஆசிரியர் சிரிக்கவில்லை. "சரி, அடுத்து" என்றாராம். சிரித்ததைவிட அந்த 'அடுத்து'தான் அவனுக்கு நினைவிருக்கிறது. விமானியாக என்ன படிக்கவேண்டும், கண் பார்வை எப்படி இருக்கவேண்டும், எந்தத் தேர்வை எழுதினால் எந்தக் கதவு திறக்கும், அது மூடியிருந்தால் விமானத்தோடு சம்பந்தப்பட்ட வேறு என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று ஐந்து நிமிடம் பேசியிருக்கலாம். கனவைக் கலைக்கவும் வேண்டாம், ஊதிப் பெருக்கவும் வேண்டாம். வழியைச் சொல்லியிருக்கலாம்.

1991ல் தொடங்கிய, இந்தியர்களுக்கான சுயஉதவி அமைப்பான சிண்டாவின் துணைப்பாட வகுப்புக்கு அப்பா அவனை அனுப்பினார். அதனால் கணக்கில் தேறினான். ஆனால் அவனைத் திருப்பிவிட்டது வேறு ஓர் ஆள்.

எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் ஒரு மலாய்க்காரக் குடும்பம். அந்த வீட்டுப் பெரியவரை நாங்கள் மலாயில் மாமா என்ற பொருளில் பாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். ஏர்கான் பழுதுபார்ப்பவர். 1996 டிசம்பர் விடுமுறையில் அவருடைய உதவியாள் ஊருக்குப் போய்விட்டார். ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று அப்பாவிடம் வந்து கேட்டார். தம்பிக்கு அப்போது 15 வயது. போனான்.

முதல் வாரம் முழுக்க வடிகட்டிகளைக் கழுவினான். கறுப்பாக, பஞ்சுபோல அப்பியிருக்கும் தூசியைக் கழிவறைக் குழாயில் பிரஷ் போட்டுத் தேய்ப்பது. இரண்டாவது வாரம் பாக்சிக் அவன் கையில் அழுத்தம் காட்டும் கேஜைக் கொடுத்தார். ஒரு பக்கம் நீலக் குழாய், இன்னொரு பக்கம் சிவப்புக் குழாய், இரண்டு வட்ட முகங்களில் இரண்டு ஊசிகள். நீலத்தை வெளியே இருக்கும் கம்ப்ரெஸரின் ஒரு வாயில் திருகியதும் ஊசி எகிறி, ஆடி, மெல்ல ஓரிடத்தில் நின்றிருக்கிறது. "கேஸ் குறைஞ்சா ஊசி கீழே நிக்கும், அடைப்பு இருந்தா வேற மாதிரி நிக்கும். கண்ணுக்குத் தெரியாததை இது சொல்லும்" என்று மலாயில் விளக்கினாராம். அன்று இரவு சாப்பிடும்போது தம்பி அந்த ஊசியைப் பற்றி அரைமணி நேரம் பேசினான். மூன்று ஆண்டுகளில் அவன் வீட்டில் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை. சுவரில் இருந்த காலண்டரைக் கிழித்துப் பின்பக்கத்தில் படம் போட்டு, சூடு எப்படி அறைக்குள்ளிருந்து வெளியே போகிறது என்று அப்பாவுக்குக் காட்டினான். ஏர்கான் குளிரை உண்டாக்குவதில்லை, சூட்டை எடுத்துக்கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது என்று எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் வேதியியல் மாணவி!

1998ல் தொழிற்கல்வி தரும் ஐடிஇயில் சேர்ந்தான். இப்போது இருப்பதுபோல மூன்று பெரிய கல்லூரிகள் அப்போது இல்லை. தீவு முழுக்கச் சிறுசிறு வளாகங்கள். ஐடிஇ என்றாலே 'எல்லாம் முடிந்தது' என்று ஆங்கிலத்தில் அந்த எழுத்துகளுக்குப் பிள்ளைகளே விரிவு சொல்லிக்கொண்ட காலம். உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் அம்மா அந்தப் பெயரைச் சொல்லமாட்டார். "படிச்சிட்டிருக்கான்" என்று நிறுத்திக்கொள்வார். அவனுக்கு அதெல்லாம் தைக்கவில்லை. எதைப் படிக்கிறோம், அதைக் கையில் வைத்துக்கொண்டு மறுநாள் என்ன செய்யலாம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. என் வகுப்பில் இருந்த நாற்பது பேரில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

கட்டாயப் படைப்பயிற்சியான தேசிய சேவை முடிந்து வேலை. அப்புறம் இரவு வகுப்பு, ஒரு சான்றிதழ், இன்னொரு சான்றிதழ், கடைசியில் டிப்ளோமா. அதை முடிக்கும்போது வயது 31, மகளுக்கு ஒரு வயது. இப்போது ஒரு மருத்துவமனையில் குளிரூட்டும் நிலையத்துக்குப் பொறுப்பாளர்.

சென்ற ஆண்டு அனுமதி வாங்கி என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனான். காதுக்கு அடைப்பான் கொடுத்தான். லாரி அளவில் நான்கு இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. கறுப்பு உறை போட்ட பெரிய குழாய் ஒன்றில் உறை விலகிய சின்ன இடத்தில் வியர்த்து, சொட்டுச் சொட்டாக நீர் நின்றது. "தொட்டுப் பாருக்கா" என்றான். விரல் மரத்துப்போனது. ஏறக்குறைய 7 டிகிரியில் தண்ணீர் இங்கிருந்து கிளம்பி, மாடி மாடியாகச் சுற்றி, கட்டடத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு 12 டிகிரியில் திரும்பி வருகிறது. அறுவை சிகிச்சை அறையில் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கவேண்டுமாம். கதவைத் திறந்தால் உள்ளேயிருக்கும் சுத்தமான காற்று வெளியே போகவேண்டும், வெளிக்காற்று உள்ளே வரக்கூடாது. அந்த அழுத்தம் குறைந்தால் இவன் கைப்பேசி அலறும், நடு இரவானாலும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனான். கட்டடத்தின் மொத்தச் சூட்டையும் ஆவியாக வெளியே தள்ளும் கோபுரங்கள் அங்கே நிற்கின்றன. அந்தத் தண்ணீரில் கிருமி சேர்ந்தால் நுரையீரலைத் தாக்கும் காய்ச்சல் வரும் என்பதால் மருந்து கலந்து, பரிசோதித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

அப்பா உயிரோடு இருந்தபோது ஒருமுறை அவனிடம், "அங்கே வெயில்ல நிக்கிறியாப்பா?" என்று கேட்டார். "தினம் அரைமணி நேரம் நிக்கணும்பா, மாடியில" என்றான். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அரைமணி நேரம்னா பரவாயில்ல. தொப்பி போட்டுக்க" என்றார்.

இனி மற்றப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். பல நாடுகளின் பொருளியல் கூட்டமைப்பான ஓஈசிடி நடத்தும் பீசா என்ற அனைத்துலகத் தேர்வில் 15 வயது மாணவர்களிடம், ஏறக்குறைய 30 வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்று எதிர்பார்க்கிறாய் என ஒரு கேள்வி உண்டு. 2018ல் அதற்குக் கிடைத்த பதில்களை 41 நாடுகளுக்குத் தொகுத்துப் பார்த்தார்கள். பையன்களில் 47 விழுக்காட்டினரும் பெண்களில் 53 விழுக்காட்டினரும் பத்தே பத்து வேலைகளுக்குள் அடங்கிவிட்டார்கள். டாக்டர், ஆசிரியர், பொறியாளர், வக்கீல், போலீஸ் என்று நம் தீபாவளி விருந்தில் கேட்கும் அதே பட்டியல். உலகத்தில் எத்தனை ஆயிரம் வேலைகள் இருக்கின்றன! பிள்ளைகளுக்கு ஆசை இல்லை என்று சொல்ல முடியாது, அவர்கள் கண்ணில் பட்ட வேலைகள்தாம் பத்து.

நம் பிள்ளைகள் படிப்பில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. 2022 பீசாவில் கணிதம், வாசிப்பு, அறிவியல் மூன்றிலும் சிங்கப்பூர்தான் முதலிடம். ஆனால் ஒரு கேள்விக்கு விடை எழுதத் தெரிவதற்கும் ஒரு வேலைக்கு வழி தெரிவதற்கும் நிறைய தூரம்.

பிரிட்டனில் 1970 ஏப்ரலில் ஒரே வாரத்தில் பிறந்த ஏறக்குறைய 17,000 பேரை இன்றும் பின்தொடர்ந்து ஆராய்கிறார்கள். 16 வயதில் அவர்கள் என்ன ஆக விரும்பினார்கள், அதற்கு எவ்வளவு படிக்க நினைத்தார்கள் என்று கேட்டு வைத்திருக்கிறார்கள். ஆசை உயரமாக இருந்து, அதற்குத் தேவையான படிப்பைப் பற்றிய திட்டம் அதைவிடக் குட்டையாக இருந்தவர்கள், அடுத்த சில ஆண்டுகளில் படிப்பும் இல்லாமல் வேலையும் இல்லாமல் நிற்பதற்கு வாய்ப்பு அதிகமாக இருந்திருக்கிறது. இதைப் படித்த அன்று என்னால் தூங்க முடியவில்லை. 1994ல் ஒரே கூரைக்கு அடியில் நாங்கள் இரண்டு பேர் அப்படித்தான் இருந்தோம். இன்னொன்றையும் ஓஈசிடி பல நாடுகளின் நீண்டகாலத் தரவுகளில் பார்த்திருக்கிறது. பதின்ம வயதில் வேலை செய்பவர்களோடு பேசிய, வேலையிடத்தை நேரில் பார்த்த, பகுதிநேரமாகக் கொஞ்சம் உழைத்துப் பார்த்த பிள்ளைகள், அதே மதிப்பெண், அதே குடும்பச் சூழ்நிலை உள்ள மற்றவர்களைவிட, வளர்ந்தபிறகு வேலையில் பெரும்பாலும் நன்றாக இருக்கிறார்கள். பாக்சிக்கின் ஏணி என் நினைவுக்கு வந்தது.

2010ல் என் துணைப்பாட வகுப்பில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கால்நடை மருத்துவராக ஆசை. பூனைக்கு முடிச்சு போட்டுக் கட்டுப் போடுவதுபோல நோட்டின் ஓரத்தில் வரைந்துகொண்டே இருப்பாள். "நல்லா படிம்மா, ஆகலாம்" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். சிங்கப்பூரில் அந்தப் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகம் அப்போது ஒன்றுகூடக் கிடையாது, ஆஸ்திரேலியாவுக்கோ பிரிட்டனுக்கோதான் போகவேண்டும், வீட்டை விற்றாலும் அந்தச் செலவு தாங்காது என்று அவளுக்கு 17 வயதில் தெரிந்தது. அதற்குள் கடினமாக இருக்கிறது என்று ஒரு பாடத்தை விட்டிருந்தாள். உதவித்தொகைக்கு முயற்சி செய்யலாம் என்று நினைத்தபோது அந்தப் பாடம் இல்லாதது குறுக்கே நின்றது. ஓராண்டு ஒன்றும் செய்யாமல் வீட்டில் இருந்தாள். பிறகு தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கால்நடை மருத்துவத் தொழில்நுட்பம் படித்து, இப்போது ஒரு மருந்தகத்தில் விலங்குகளுக்குத் தாதியாக இருக்கிறாள்.

சென்ற ஆண்டு அவளைத் தேக்கா கடைவீதியில் பார்த்தேன். 30 வயது ஆகிவிட்டது. கையில் பூனை பிறாண்டிய தழும்புகள். வேலை உயிர் என்றாள். அப்புறம், "டீச்சர், அப்பவே யாராவது சொல்லியிருந்தா நான் அந்தப் பாடத்தை விட்டிருக்கவே மாட்டேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த 'யாராவது' நான்தான். அப்போது அந்த வகுப்பில் இருந்த ஒரே பெரியவள் நான்.

அன்றிலிருந்து "நன்றாகப் படி, ஆகலாம்" என்ற வாக்கியத்தை விட்டுவிட்டேன். ஆசையைக் கேட்டதும் அடுத்த கேள்வியாக, "அந்த வேலை பார்க்கிற ஒருத்தரை நீ பார்த்திருக்கியா?" என்று கேட்கிறேன். பத்துக்கு எட்டுப் பிள்ளைகள் இல்லை என்று தலையாட்டுகிறார்கள். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாமா வக்கீல், சித்தி பொறியாளர். கேட்காமலே காதில் விழுகிறது. நம் பிள்ளைகளில் பலருக்கு அது கிடையாது. துணைப்பாட வகுப்பு மதிப்பெண்ணைத் தரும், அந்த மாமாவைத் தராது. இதுதான் என் ஆதங்கம்.

நம் ஊரில் எஸ். ஆர். நாதனைக் காட்டி, "அவரைப் பார், எப்படி முன்னுக்கு வந்தார்" என்று பிள்ளைகளிடம் சொல்வது வழக்கம். சொல்லவேண்டியதுதான். ஆனால் 1999 முதல் 2011 வரை நாட்டின் அதிபராக இருந்ததை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். பள்ளிப்படிப்பு பாதியில் நின்று வீட்டைவிட்டுப் போனது, ஜப்பானியர் காலத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தது, 30 வயதில் சமூக ஆய்வுத் துறையில் டிப்ளோமா பெற்றது, மருத்துவமனையில் சமூகப்பணியாளராக இருந்தது, 1956ல் மாலுமிகள் நல அதிகாரியானது என்று நடுவில் எத்தனை வேலைகள்! பிள்ளைக்கு உதவுவது அந்த நடுப்பகுதிதான்.

இன்னொன்று, சம்பளம். படிப்பை முடித்து முழுநேர நிரந்தர வேலையில் சேர்ந்த புதிய பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் இடைநிலை மாத ஊதியம் 2024 ஆய்வில் 4,500 சிங்கப்பூர் வெள்ளி. அந்த எண் வந்ததும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்கள் பற்றிக்கொள்ளும். இறுதித் தேர்வு முடிந்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் எடுக்கும் கணக்கு அது. என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் ஆறாவது மாதம் தெரிவதே இல்லை. பத்தாவது ஆண்டில் என்ன செய்துகொண்டிருக்கிறார், ஏன் மாறினார், மாறும்போது எதைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

மாற்றம் வந்துகொண்டிருப்பதையும் சொல்லவேண்டும். தம்பி சேர்ந்த அந்தப் பிரிவு 1994ல் தொடங்கியது என்றேன். சரியாக 30 ஆண்டுகள் கழித்து, 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளே கிடையாது. ஒவ்வொரு பாடத்தையும் அவரவர் பலத்துக்கு ஏற்ப ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளில் படிக்கலாம். சில பாடங்களுக்கு எல்லா நிலைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். அந்த முதல் அணியில் தம்பியின் மகளும் ஒருத்தி. அவளுக்கு அறிவியல் ஜி3, கணக்கு ஜி2. கடிதம் வந்த அன்று தம்பி அதை இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். யாரும் கீழே போய் உட்காரவில்லை. பள்ளிகளில் இப்போது வேலை வழிகாட்டும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஐடிஇ முடித்து 30 வயதுக்குள் டிப்ளோமாவில் சேர்பவர்களுக்கு 5,000 வெள்ளியும், முடித்ததும் மத்திய சேமநிதிக் கணக்கில் 10,000 வெள்ளியும் தரும் திட்டத்தை 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். தம்பி ஓவர்டைம் பார்த்துக் கட்டிய கட்டணத்தை நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

போன மாதம் சாப்பாட்டு மேசையில் தம்பி மகளிடம், என்ன ஆகப்போகிறாய் என்று நானே கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "விலங்குகளோட வேலை, அத்தை" என்றாள். டாக்டரா என்று கேட்டால் தெரியவில்லை என்றாள். தெரியவில்லை என்று சொல்ல அவளுக்குப் பயமில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. அந்த வேலை பார்க்கிற யாரையாவது பார்த்திருக்கியா என்று கேட்டேன். இல்லை.

அன்று இரவே என் பழைய மாணவிக்கு எண்ணைத் தேடி அழைத்தேன். மருந்தகத்தில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். மறுநாளே பதில் வந்தது. இந்தச் சனிக்கிழமை வரச்சொல்லியிருக்கிறாள். பத்து மணிக்குத்தானே திறப்பீர்கள் என்று கேட்டேன். "எட்டு மணிக்கே கூட்டிட்டு வாங்க டீச்சர். அப்பதான் கூண்டெல்லாம் கழுவுவோம். அவ அதையும் பார்க்கணும்" என்றாள். தம்பிக்கு அன்று காலை வேலை நேரம். இருந்தாலும் மாற்றிக்கொண்டு தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.